ஜெரமி சில்மன் யார்? அவர் மறைந்த பிறகும் அவருடைய செஸ் புத்தகங்களை வாங்கிப் படிக்க வேண்டுமா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: கும்பகோணத்தில் இருக்கிறீர்கள், மகள் எட்டாம் வகுப்பு, ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கான மதிப்பெண், 1480. சொல்லிக்கொடுக்கிறவர் சில்மன் புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஆள் காலமாகிவிட்டார் என்று தெரிகிறது. கையில் இருக்கிற போனே உலக சாம்பியனை ஜெயிக்கிற காலத்தில் இதையெல்லாம் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்குங்கள். எதை வாங்குவது, எதுவரை படிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் போனபோது அதைப் பேச இங்கே எனக்கு அதிகம் ஆள் கிடைக்கவில்லை.

ஜெரமி சில்மன் 1954ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1988ல், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே இருக்கும் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். (நம்ம மாயவரத்தில் பிறந்த ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே வருஷம்தான்.) யூ.எஸ். ஓப்பன், அமெரிக்கன் ஓப்பன், நேஷனல் ஓப்பன் மூன்றிலும் ஜெயித்தவர். ஆட்டக்காரராக அதற்கு மேல் போகவில்லை, கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கவில்லை. உலகம் அவரைத் தெரிந்துவைத்திருப்பது எழுத்தால். 2023 செப்டம்பர் 21ஆம் தேதி, 69 வயதில் காலமானார்.

அந்தத் தேதி டெல்டாக்காரர்களுக்கு வேறு காரணத்தால் ஞாபகம் இருக்கும். கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி திறக்க வேண்டும் என்ற உத்தரவில் தலையிட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் அது. கடைமடையில் குறுவை காய்ந்துகொண்டிருந்தது, மேட்டூர் நீர்மட்டம் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின மாதம் பிரக்ஞானந்தா பாகூவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனதில் எங்கள் வகுப்பில் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். ஆனாலும் அந்த வாரத்தில் டீக்கடையில் ஓர் அமெரிக்கச் செஸ் எழுத்தாளரின் சாவைப் பற்றிப் பேசினால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

நான் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் மாடி மன்னார்குடியில் ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது. கடைக்காரர் எனக்குத் தூரத்து உறவில் மாமா முறை. ரொம்ப வருஷமாக என்னோடு ஆடுகிறவர். அவரிடம்தான் போய்ச் சொன்னேன்.

"மாமா, சில்மன் போயிட்டாராம்."

"எந்தச் சில்மன்... குதிரைக்கு நல்ல எடமாப் பாத்து உக்கார வைன்னு சொல்லுவாருன்னியே, அவரா?"

"அவர்தான்."

"அடப்பாவமே. வயசு?"

"அறுபத்தொம்போது."

"நம்மள விடச் சின்னவருப்பா," என்று சொல்லிவிட்டு யூரியா மூட்டைக் கணக்குக்குத் திரும்பிவிட்டார். துக்கம் விசாரிப்பு அவ்வளவோடு முடிந்தது. ஆனால் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காத ஒருவருக்கு, நான் எப்போதோ சொன்னதை வைத்து, சில்மன் என்றதும் குதிரை ஞாபகம் வருகிறது. ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய இரங்கல் குறிப்பு எழுத முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அவர் இங்கே ஏன் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தார் என்பதற்கு எங்கள் ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். டெல்டாவில் செஸ் ஆட ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கோயில் மண்டபம், சலூன் பெஞ்சு, நூலகத் திண்ணை என்று எங்கேயாவது ஒரு பலகை விரிந்திருக்கும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. சென்னையில் 1972லேயே சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் வந்துவிட்டது, இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரன் போன்றவர்கள் இருந்தார்கள். இங்கே கிடைத்தது மலிவு விலை சோவியத் புத்தகங்கள். அருமையான புத்தகங்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெரிய ஆட்டத்தைப் போட்டு, கீழே நாலு வரி விளக்கம் எழுதி, மிச்சம் உனக்கே புரியும் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் இருப்பவனுக்குப் புரியும். எங்களைப் போன்றவர்கள் ஆ என்று வாயைப் பிளந்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மறுநாள் வழக்கம்போல யானையை இழப்போம்.

சில்மன் அந்த வாயைப் பிளக்கிற ஆளுக்காக எழுதினார். 'ஹவ் டு ரீஅசெஸ் யுவர் செஸ்' முதலில் வந்தது 1986ல். திருச்சியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பிற்பாடு வந்த பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் முதலில் இரண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார். இதை இம்பாலன்ஸ் என்பார். ஒருவரிடம் குதிரை, இன்னொருவரிடம் பிஷப்பா? சிப்பாய் வரிசை யாருக்கு உடைந்திருக்கிறது? யாருக்கு இடம் அதிகம்? காய்க்கணக்கில் யார் முன்னால்? திறந்த வரிசையும் முக்கியமான கட்டமும் யார் கையில்? காய்களை வெளியே கொண்டுவந்ததில் யார் முந்தி? யார் அடிக்கிறார், யார் தடுக்கிறார்? இந்த வித்தியாசங்கள் எந்தப் பக்கம் ஆடச் சொல்கின்றன என்று முடிவு செய்.

அடுத்துத்தான் அவருடைய புகழ்பெற்ற குறும்பு வரும். இப்போது கணக்குப் போடாதே என்பார். 'நான் அங்கே போனால் அவன் இங்கே வருவான்' என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. உன் காய்கள் எங்கே இருந்தால் உனக்குச் சந்தோஷம் என்று கனவு காண். அந்தக் கனவு நிலைமையை எட்ட முடியுமா என்று பார். முடியும் என்றால், அதற்குப் பிறகு உட்கார்ந்து நகர்வுகளைக் கணக்குப் பண்ணு.

இது ஏதோ தியானம் மாதிரித் தெரியலாம். வகுப்பில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ஒரு பையன் கறுப்பில் ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை ஆடிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சிப்பாய்கள் டி4, ஈ5 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). இவனுடையவை எஃப்7, ஈ6, டி5. வெள்ளை ராஜா பக்கம் பாயலாம் என்று ஜி சிப்பாயைத் தள்ளப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒன் சிப்பாய் வரிசை எந்தப் பக்கம் கை காட்டுது பாரு."

எஃப்7, ஈ6, டி5 என்று விரலால் கோடு இழுத்தான். விரல் ராணி பக்கம் போய் நின்றது. "இந்தப் பக்கம் சார்."

"அப்ப எந்தப் பக்கம் ஆடணும்?"

சி5 போட்டான். டி4ல் இருக்கும் வெள்ளைச் சுவரின் அடியில் இடி விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் அவன் சி8 பிஷப்பைத் தொட்டு டி7ல் வைக்கப் போனான். ஏன்டா என்றால், "வேற எங்க சார் போறது? ஈ6 சிப்பாய் அடைச்சுக்கிட்டு நிக்கிது" என்றான்.

"அதுக்கு என்ன ஆசைன்னு கேளு. நடக்குமா நடக்காதாங்கிறத அப்பறம் பாப்போம்."

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். "வெளிய வரணும்... பி6 தள்ளிட்டு ஏ6 வழியா வரலாம் சார்."

"வந்து?"

"எஃப்1 பிஷப்ப மாத்திக்கலாம். அது வெள்ளையோட நல்ல பிஷப்பு. நம்மது குப்ப."

இது ஃப்ரெஞ்ச் ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற காரியம். நான் சொல்லித்தரவில்லை, அவனே கண்டுபிடித்தான். ஆசையைக் கேட்டதால் கண்டுபிடித்தான்.

அவருடைய இன்னொரு புத்தகம் 'தி அமெச்சூர்ஸ் மைண்ட்'. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். தன் மாணவர்களிடம் ஒரு நிலைமையைக் கொடுத்து, தன்னோடு ஆடவிட்டு, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதை அப்படியே அச்சில் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே திருத்தம், கூடவே நையாண்டி. வேறு புத்தகங்களில் தப்பு செய்கிறவர் பெயர் கார்ப்போவ், ஸ்பாஸ்கி என்று உலக சாம்பியன்களாக இருக்கும். இதில் தப்பு செய்கிறவன் பதவிசான 1400காரன். நம்ம கடைத்தெரு ஆள். 'அவர் என்னைத் தாக்க வருகிறார், நான் தடுக்கத்தான் வேண்டும்' என்று ஒருவர் பதறுவார். நிஜத்தில் தாக்குதலே இருக்காது. அந்தப் பதற்றத்தை நான் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

எதிர்க்கட்சியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டச்சு இன்டர்நேஷனல் மாஸ்டர் வில்லி ஹென்ட்ரிக்ஸ் 2012ல் எழுதிய புத்தகத்தின் ஆரம்பத்திலேயே சில்மனைப் பிடித்துக்கொண்டார். யாரும் இந்த வரிசையில் யோசிப்பதில்லை. நல்ல ஆட்டக்காரனுக்கு நகர்வுதான் முதலில் கண்ணில் படுகிறது, காரணம் பின்னால் வருகிறது. விடை தெரிந்த பிறகு விளக்கம் சொல்வது சுலபம் என்பது அவர் வாதம். பாதி சரி என்பேன். 2000 ரேட்டிங் தாண்டியவருக்கு அது சரி. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணில் முதலில் படும் நகர்வு எப்போதும் செக்காகத்தான் இருக்கிறது. அந்தக் கையை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்க ஒரு கேள்விப் பட்டியல் தேவைப்படுகிறது. இன்னொரு பக்கம், சில்மனை மட்டுமே படித்துவிட்டு வருகிற பையன்களையும் தெரியும். பலவீனமான கட்டம், நல்ல குதிரை, கெட்ட பிஷப் என்று பட்டிமன்றம் போலப் பேசுவார்கள். ரெண்டு நகர்வில் ராணி போய்விடும். தினமும் பசில் போடுவது தனி வேலை, அதைச் சில்மன் ஈடுகட்ட மாட்டார்.

அவர் பிடிவாதக்காரர் இல்லை என்பதற்கு 2010ல் வந்த நான்காம் பதிப்பே சாட்சி. கிட்டத்தட்டப் புதிதாக எழுதினார். அந்தப் படிப்படியான யோசனை வரிசையைக் கைவிட்டார், வித்தியாசங்களை மட்டும் வைத்துக்கொண்டார், ஆட்டக்காரனின் மனநிலைக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார்: காயை இழந்துவிடுவோமோ என்ற பயம், அவசரம், பீதி. அதைப் படிக்கும்போது எனக்குப் பூவனூர் ஞாபகம் வரும். நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் இருக்கும் சதுரங்க வல்லபநாதர் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் விஷக்கடிக்கு வேர் கட்டிக்கொள்ள அங்கே சாமுண்டீஸ்வரி சன்னிதிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். 2022ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்து, பிரதமர் தொடக்க விழாவில் இந்தக் கோயிலைச் சொன்ன பிறகு, போட்டிக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிவந்து அர்ச்சனை செய்கிற பெற்றோரும் சேர்ந்துவிட்டார்கள். தலபுராணப்படி, சதுரங்கத்தில் யாரும் ஜெயிக்க முடியாத இளவரசியைச் சிவபெருமான் வயோதிகச் சித்தராக வந்து ஆடி ஜெயித்துக் கைப்பிடிக்கிறார். நான் பிள்ளைகளிடம் சொல்வேன்: ரேட்டிங் இல்லாத கிழவர் எதிரில் உட்கார்ந்தால் இளிச்சவாயன் என்று நினைக்காதே, இந்த ஊரில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

சரி, எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்ட ஆட்டம். என் கணக்கில் சில்மன் செய்த பெரிய காரியம் இதுதான். எண்ட்கேம் புத்தகங்கள் பெரும்பாலும் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே சமயத்தில் இலையில் கொட்டிவிடும். சாப்பிட உட்கார்ந்தவனுக்கு எதில் கை வைப்பதென்று தெரியாது. 2007ல் வந்த 'சில்மன்ஸ் கம்ப்ளீட் எண்ட்கேம் கோர்ஸ்' ரேட்டிங் வாரியாகப் பிரித்தது. 1000க்குக் கீழே இருந்தால் இதுவரை. 1000 முதல் 1199 வரை இன்னும் இவ்வளவு. பிறகு 1200, 1400 என்று இருநூறு இருநூறாக ஏறும். உன் பகுதி வரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வை, ரேட்டிங் ஏறினால் வா என்கிறார். எதைப் படி என்று சொல்ல ஆயிரம் பேர். எதை இப்போது படிக்காதே என்று பொறுப்பெடுத்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து. பிஷப்பும் குதிரையும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், நம் பிள்ளைகள் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சில்மன் அதைச் சேர்க்கவே இல்லை. வாழ்நாளில் வருமோ வராதோ என்ற ஒன்றுக்குச் செலவழிக்கிற நேரத்தை வேறு எதற்காவது செலவழி என்பது அவர் கட்சி. அதற்காகத் திட்டு வாங்கினார். எனக்கென்னவோ சரி என்றுதான் படுகிறது.

விட்டதற்குப் பதிலாக, வேண்டியதைத் திரும்பத் திரும்ப அரைத்துக் கொடுப்பார். யானையும் ஒரு சிப்பாயும் வைத்து ஜெயிக்கிற லூசெனா நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா டி8ல், சிப்பாய் ராணியாக ஒரு கட்டம் பாக்கி, டி7ல். வெள்ளை யானை எஃப்1ல். கறுப்பு ராஜா ஜி7ல், யானை சி2ல். ராஜா வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நகர்ந்து வெளியே வந்தால் கறுப்பு யானை செக் மேல் செக். அனுபவமில்லாத பிள்ளை அங்கேயும் இங்கேயும் ஓடி டிரா என்று கை குலுக்கிவிடும். வழி: முதலில் வெள்ளை யானையை எஃப்4க்கு ஏற்று. காரணம் அப்போது தெரியாது. பிறகு ராஜா ஈ7, செக். டி6, செக். ஈ6, செக். டி5, இன்னும் ஒரு செக். இப்போது யானையை எஃப்4லிருந்து டி4க்கு இழுத்துக் குறுக்கே வை. செக் நின்றது, சிப்பாய் ராணியாகிறது. அந்த டி4 விழுகிற நிமிஷத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்த வகுப்பை நடத்துகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதெல்லாம் பழங்காலப் படிப்பு என்கிறவர்களுக்கு 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்ததை எடுத்துக்காட்டுவேன். உலக சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் கடைசி ஆட்டம், குகேஷ் கறுப்பு. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிரா ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2க்கு வைத்து மாற்றிக்கொள்ள அழைத்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்ததால் குகேஷ் யானையை மாற்றிவிட்டு டி5ல் பிஷப்பையும் கட்டாயமாக மாற்ற முடிந்தது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும். 58ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்தைத் தீர்மானித்த நிலைமை, சில்மன் கீழ்வகுப்புகளுக்கு வைத்திருக்கும் பாடங்களின் ஜாதிதான். எங்கள் மாடியில் அன்றைக்கு அதைப் பலகையில் வைத்துக் காட்டியபோது, எதிர் ராஜாவுக்கு நேரே நம் ராஜாவை நிறுத்தத் தெரிந்த சின்னப் பிள்ளைகூட, "கறுப்பு ஜெயிச்சிரும் சார்" என்றது.

உங்கள் மகளிடம் சொல்ல ஒரு தகவல்: 2001ல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில் ரான் குதிரை மேல் உட்கார்ந்து ஆடுகிற ராட்சதச் செஸ் இருக்கிறதல்லவா, அந்த நிலைமையை அமைத்துக் கொடுத்தவர் சில்மன். எங்கள் பிள்ளைகளிடம் அவருடைய மற்ற பெருமைகளைவிட இதற்குத்தான் மரியாதை. பெரியவர்களுக்கு வேண்டுமானால் இது: 1970ல் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் தன் இடத்தை பாபி ஃபிஷருக்கு விட்டுக்கொடுத்து, அவர் சாம்பியன் ஆக வழிவிட்ட பால் பென்கோவின் ஆட்டங்களைத் தொகுத்த புத்தகத்திலும் சில்மன் கைவண்ணம் உண்டு.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். சில்மன் சொல்கிற எண்கள் அமெரிக்க ரேட்டிங்கை வைத்துச் சொன்னவை. அதோடு 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே வீச்சில் ஏற்றிவிட்டது. பழைய 1000 இப்போது 1400. அந்தக் கணக்கில் உங்கள் மகளின் 1480 பழைய 1130க்குப் பக்கத்தில் வரும். ஆகவே எண்ட்கேம் புத்தகத்தை முதலில் வாங்குங்கள், 1199 வரை உள்ள பகுதிகளை முடிக்கட்டும், கை துறுதுறுத்தால் 1200 பகுதியை எட்டிப் பார்க்கட்டும். அதற்கு மேல் வேண்டாம், 1480 என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து 1400 பகுதியில் குதிக்க விடாதீர்கள்.

அது முடிந்த பிறகு 'அமெச்சூர்ஸ் மைண்ட்'. 'ரீஅசெஸ்' இன்னும் ஒன்றிரண்டு வருஷம் காத்திருக்கலாம். வாங்கினால் நான்காம் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றும் இங்கிலீஷ்தான், அரட்டை நடை, அமெரிக்கக் கிண்டல் நிறைய. தமிழ் மீடியம் பிள்ளை என்றால் முதல் சில பக்கங்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். பலகையை விரித்து வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். ஆன்லைனில் தேடும்போது 'ரீஅசெஸ்' பெயரிலேயே ஒர்க்புக் என்று இன்னொன்று வரும். அது பயிற்சிக் கணக்குகள், தனிப் புத்தகம். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.